சில்வராடோ 6.2: இரும்புக் குறைக்கு எண்ணெய் வைத்தியம்

ஷெவர்லே சில்வராடோ 1500 பிக்கப்பில் 6.2 லிட்டர் வி8 எஞ்சினை யோசித்தே வாங்குங்கள். பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு ஆகியவற்றின் தயாரிப்புக் குறையால் அவற்றைத் தாங்கும் பேரிங் கெட்டு, ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடலாம். 2025 ஏப்ரலில் ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 2021–24 மாடல்களைத் திரும்ப அழைத்தது (ரீகால்). இதே எஞ்சின் கொண்ட மற்ற வண்டிகளையும் சேர்த்து அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம்.

சோதனையில் தேறாவிட்டால் எஞ்சினைச் சரிசெய்வார்கள் அல்லது மாற்றுவார்கள். தேறினால்? 0டபிள்யூ-20 தர எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டு, அதைவிடக் கெட்டியான 0டபிள்யூ-40, புது ஃபில்டர், எண்ணெய் ஊற்றும் வாய்க்குப் புது மூடி. அவ்வளவுதான்! 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் சிறப்பு வாரண்டி மட்டும் ஆறுதல்.

செகண்ட் ஹேண்டில் பார்ப்பவர்கள் ரீகால் வேலை முடிந்த ரசீதைக் கேளுங்கள். எஞ்சினில் ‘டக் டக்’ சத்தமோ, கோளாறு காட்டும் ஸ்கேனரில் பி0016 என்ற பிழைக் கோடோ வந்தால் முன்பணம்கூடத் தராதீர்கள்.