மூலக்கூறு உயிரியல், உயிர்வேதியியல் தேர்வுக்குத் திருப்புதல்: மறுவாசிப்பா, அட்டையா, வெள்ளைத் தாளா, கணக்கா?

தேர்வு நெருங்கியதும் குறிப்பேட்டைத் திறந்து, வண்ணப் பேனாவால் கோடிட்டபடி முதல் பக்கத்திலிருந்து வாசிப்பவர்கள் ஒரு வகை. கைப்பேசிச் செயலியில் நூற்றுக்கணக்கான நினைவட்டைகளைச் சேர்த்து, எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் இன்னொரு வகை. தேர்வறையில் இருவரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். பாடத்தில் இருந்தபடியே கேட்காமல், ஒரு நொதியை நிறுத்திவிட்டு "இப்போது எது தேங்கும், எது குறையும்?" என்று வினாத்தாள் கேட்கும் இடம் அது.

அமினோ அமிலங்களின் பெயர், கிளைக்காலிசிஸின் (குளுக்கோஸ் படிப்படியாக உடைந்து பைருவேட்டாகும் பாதை) ஓட்டம், லாக் ஓபரானின் (பாக்டீரியா லாக்டோஸைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுதி) தர்க்கம் மூன்றும் மூன்று வகைச் சரக்கு. பெயரை உருப்போடலாம். ஓட்டம் வரைந்தால்தான் பிடிபடும். தர்க்கம் கணக்குப் போட்டால்தான் வசப்படும். ஆகவே நான்கு முறைகளையும் குறிப்பிட்ட பாடப்பகுதிகளின்மேல் ஓட்டிப் பார்த்து ஒப்பிடுகிறோம்.

மறுவாசிப்பு

இரண்டாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். கண்ணுக்குப் பழகியதை மனம் கற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறது. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு பத்தியை மறுபடி வாசித்தது. மற்றது வாசித்ததை நினைவிலிருந்து எழுதியது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுவாசித்தவர்கள் 81 சதவீதம், எழுதியவர்கள் 75 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அது 42க்கு 56 என்று தலைகீழானது. இரவு வாசித்துக் காலையில் "நன்றாகப் போயிற்று" என்று தோன்றுவதும், அடுத்த மாதத் தேர்வில் அதே பாடம் கைவிடுவதும் இதனால்தான்.

மறுவாசிப்பை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். முதல் வாசிப்புக்கு மாற்று கிடையாது. எழுதிப் பார்த்துத் தவறிய இடத்தை மட்டும் திரும்பப் போய் வாசிப்பது மிக நல்லது. வண்ணப் பேனாவையும் அப்போது எடுங்கள்: புத்தகத்தை மூடிச் சொல்ல முயன்று, சொல்ல முடியாமல் போன வரிக்கு மட்டும் நிறம்.

நினைவட்டை

துண்டு துண்டான தகவலுக்கு இதை மிஞ்ச வேறு முறை இல்லை. 20 அமினோ அமிலங்களின் ஓரெழுத்துக் குறி, பக்கத் தொகுதியில் அயனியாகும் 7 அமினோ அமிலங்கள், மூன்று நிறுத்தக் கோடான்கள் (புரத உருவாக்கத்தை நிறுத்தும் மூன்றெழுத்துக் குறிகள்), பைருவேட் டிஹைட்ரஜனேஸுக்கு வேண்டிய 5 துணைக்காரணிகள் (தயமின் பைரோபாஸ்பேட், லிப்போயிக் அமிலம், கோஎன்சைம் ஏ, எஃப்ஏடி, என்ஏடி) ஆகியவை அட்டைக்கென்றே பிறந்தவை. யூரியா சுழற்சிக்கு (அமோனியாவை யூரியாவாக்கும் பாதை) கார்பமாயில் பாஸ்பேட் சிந்தடேஸ் 1, கொழுப்பு அமில உருவாக்கத்துக்கு அசிட்டைல் கோஏ கார்பாக்சிலேஸ் என வேகத்தைத் தீர்மானிக்கும் நொதிகளையும் இதில் சேர்க்கலாம்.

கெடுவது மூன்று இடங்களில். முதலாவது, அட்டையின் அளவு. "கிளைக்காலிசிஸை விளக்குக" என்று ஓர் அட்டை இருந்தால் பாதி சொல்லிவிட்டு "தெரியும்" பொத்தானை அழுத்திவிடுவோம். ஒரு கேள்வி, ஒரு பதில், 5 விநாடி: அதுதான் அட்டை. இரண்டாவது, படத்தில் பெயரை மறைத்துக் கேட்கும் அட்டை. சில நாளில் மூளை வேதியியலை விட்டுவிட்டு, "வலது ஓரத்துப் பெட்டி என்றால் அல்டோலேஸ்" என்று இடத்தைக் கற்றுக்கொள்ளும். மூன்றாவது, சுமை. நாளுக்கு 20 புது அட்டைகள் சேர்த்துக்கொண்டே போனால், தினசரி மறுபார்வை சில வாரங்களில் நூற்றைத் தாண்டிப் பெருகும். வேறெதற்கும் நேரம் இருக்காது. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே புது அட்டை சேர்ப்பதை நிறுத்திவிடுவது நல்லது.

திசை தொலைந்துபோவதும் அட்டையில்தான். ஏயுஜி கோடானுக்கு எதிர்க்கோடான் (அதனோடு இணையும் டிஆர்என்ஏவின் மூன்றெழுத்து) எது என்றால் பலர் யுஏசி என்று எழுதிக்கொள்கிறார்கள். அது ஆர்என்ஏ இழையின் 3′ முனையிலிருந்து வாசித்த விடை. வழக்கப்படி 5′ முனையிலிருந்து எழுதினால் சிஏயு. அட்டையில் வரிசை எழுதும்போது இரு முனைகளையும் குறிக்காவிட்டால், தவறான விடையைத்தான் நாள்தோறும் உருப்போடுகிறோம்.

வெள்ளைத் தாள்

வளர்சிதை மாற்றப் பாதைகளுக்கு இதுவே முதல் தேர்வு. ஒரு ஏ4 தாள், கறுப்புப் பேனா, 10 நிமிடம், மூடிய புத்தகம். நினைவில் வருவதை வரையுங்கள். நேரம் முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் பிழையானதையும் சிவப்பில் திருத்துங்கள். மறுநாள் தாளைத் தொடங்கும்போது நேற்றைய சிவப்பில் இருந்தவற்றை முதலில் எழுதுங்கள். ஒரு வாரம் விட்டு மீண்டும் ஒருமுறை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழகான கருத்து வரைபடம் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. கார்பிக்கியும் பிளண்ட்டும் 2011இல் செய்த ஒப்பீட்டில், கருத்து வரைபடம் போட்டவர்களைவிட நினைவிலிருந்து எழுதியவர்களே பிந்தைய சோதனையில் முன்னால் நின்றார்கள்.

கிளைக்காலிசிஸ் தாளில் இருக்க வேண்டியவை: 10 படிகள், ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவாகும் 2 இடங்கள், மீளாத 3 படிகளுக்கு (ஹெக்சோகைனேஸ், பாஸ்போபிரக்டோகைனேஸ் 1, பைருவேட் கைனேஸ்) ஒருமுனை அம்பு, மற்றவற்றுக்கு இருமுனை அம்பு. அல்டோலேஸ் 6 கார்பனை இரண்டு 3 கார்பனாகப் பிளந்த இடத்தில் பெரிதாக "×2" என்று எழுதுங்கள். கூட்டல் பிழை பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது: ஈட்டிய ஏடிபியை 4 என்று எண்ணாமல் 2 என்று எண்ணி, செலவைக் கழித்ததும் விடை பூஜ்யமாகிவிடும். மீளாத மூன்று அம்புகளுக்குப் பக்கத்திலேயே குளுக்கோநியோஜெனிசிஸின் (குளுக்கோஸைத் திரும்ப உருவாக்கும் பாதை) நான்கு மாற்றுப்பாதை நொதிகளையும் எழுதிவிட்டால் இரண்டு பாடம் ஒரே தாளில் முடியும். பைருவேட் கைனேஸைத் தாண்டத்தான் இரண்டு நொதி வேண்டும்: பைருவேட் கார்பாக்சிலேஸும், பாஸ்போஈனால்பைருவேட் கார்பாக்சிகைனேஸும்.

இன்னொரு பழக்கம்: தாளின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு. இடப்பக்கம் சைட்டோசால் (செல்லின் உள்திரவம்), வலப்பக்கம் மைட்டோகாண்ட்ரியா. யூரியா சுழற்சியின் முதல் இரண்டு வினைகள் வலப்பக்கம், மீதி மூன்று இடப்பக்கம். ஆர்னித்தின் உள்ளே போக, சிட்ருலின் வெளியே வருகிறது. கோடு போடாமல் படித்தவர்களுக்கு இது வெறும் வட்டமாகவே நிற்கும்.

இந்த முறைக்கும் நோய் உண்டு. நாலைந்து முறை வரைந்தபின் கை தானாக ஓடும், மனம் சும்மா இருக்கும். அந்த நிலை வந்தால் நடுவிலிருந்து தொடங்குங்கள். அல்லது ஒரு நொதியை வெட்டிவிட்டு வரையுங்கள். பாஸ்பேட்டுக்குப் பதில் ஆர்சனேட் வந்தால் கிளிசரால்டிஹைடு 3 பாஸ்பேட் வினை நடக்கும். ஆனால் உருவாகும் சேர்மம் நீரில் உடனே சிதைவதால் அடுத்த படியின் ஏடிபி கிடைக்காது. பைருவேட் வரை ஓட்டம் நிற்காது, நிகர ஏடிபி மட்டும் பூஜ்யம். இதை அம்புகளோடு தாளில் காட்ட முடிந்தவருக்குக் கிளைக்காலிசிஸ் தெரியும்.

கணக்கும் பழைய வினாக்களும்

மூலக்கூறு உயிரியலில் வெள்ளைத் தாள் பாதிதூரம்தான் வரும். லாக் ஓபரானை அழகாக வரைந்தவர்கூட, அந்த ஓபரானின் இரண்டு பிரதி கொண்ட பாக்டீரியாவைப் பற்றிக் கேட்டால் தடுமாறுவார். ஒரு பிரதியில் ரெப்ரஸர் (ஓபரானை அடைத்துவைக்கும் புரதம்) மரபணு பழுது, இசட் மரபணு (பீட்டா கேலக்டோசிடேஸ் நொதிக்கானது) நலம். மறு பிரதியில் ரெப்ரஸர் நலம், இசட் பழுது. ஆபரேட்டர் (ரெப்ரஸர் வந்து பிடிக்கும் டிஎன்ஏ பகுதி) இரண்டிலும் நலம். லாக்டோஸ் இல்லாதபோது பீட்டா கேலக்டோசிடேஸ் உருவாகுமா? உருவாகாது. ரெப்ரஸர் பரவக்கூடிய புரதம். மறு பிரதியில் உருவானது இங்கும் வந்து ஆபரேட்டரைப் பிடிக்கும். இப்போது கேள்வியை மாற்றுங்கள்: ரெப்ரஸர் இரண்டிலும் நலம், நல்ல இசட் இருக்கும் பிரதியில் ஆபரேட்டர் பழுது. இப்போது நொதி எப்போதும் உருவாகும், ஏனென்றால் ஆபரேட்டர் தான் இருக்கும் டிஎன்ஏவை மட்டுமே ஆளும். பழுதான ஆபரேட்டர், பழுதான இசட் இருக்கும் பிரதிக்கு மாறினால் கட்டுப்பாடு திரும்பிவிடும். ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வரி போட்டு, "ரெப்ரஸர் உண்டா, ஆபரேட்டர் பிடிகொடுக்குமா, இசட் வேலை செய்யுமா" என மூன்று கட்டம் நிரப்பினால் எந்தச் சேர்க்கையும் இரண்டு நிமிடத்தில் தீரும். பத்துக் கணக்கு போட்டவருக்கு இது வருவதுபோல் நூறு அட்டை புரட்டியவருக்கு வராது.

நொதி வேகவியலும் அப்படியே. "காம்பெட்டிட்டிவ் தடுப்பானில் கேஎம் கூடும், விமேக்ஸ் மாறாது" என்பது அட்டை. விமேக்ஸ் என்பது நொதியின் உச்ச வேகம்; கேஎம் என்பது அதில் பாதி வேகம் வரத் தேவையான தளப்பொருள் (நொதி மாற்றும் பொருள்) செறிவு; காம்பெட்டிட்டிவ் தடுப்பான் தளப்பொருளின் இடத்துக்குப் போட்டியிடுவது. அதன் பொருள் எண்ணில்தான் விளங்கும். கேஎம் 2 மில்லிமோலார், விமேக்ஸ் 100 என்று வைத்து, தடுப்பானின் செறிவு அதன் கேஐக்கு (நொதியோடு பிணையும் மாறிலி) சமம் என்று கொண்டால், மூன்று தளப்பொருள் செறிவுகளில் வேகம் இப்படி வரும்:

| தடுப்பான் | 0.2 மில்லிமோலார் | 8 மில்லிமோலார் | 80 மில்லிமோலார் |
|---|---|---|---|
| இல்லை | 9.1 | 80 | 97.6 |
| காம்பெட்டிட்டிவ் | 4.8 | 66.7 | 95.2 |
| நான்-காம்பெட்டிட்டிவ் | 4.5 | 40 | 48.8 |
| அன்காம்பெட்டிட்டிவ் | 8.3 | 44.4 | 49.4 |

முதல் வகையைத் தளப்பொருளை ஏற்றியே வென்றுவிடலாம். இரண்டாவது எல்லாச் செறிவிலும் சரிபாதியாக்குகிறது. மூன்றாவது, தளப்பொருள் குறைவாக இருக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. தளப்பொருளைப் பிடித்த நொதியோடு மட்டுமே அது சேரும் என்பதால், செறிவு கூடக் கூடத்தான் அது வேலையைக் காட்டும். இந்த 12 எண்களையும் ஒருமுறை கையால் போட்டவர் மூன்று வகைகளையும் பிறகு குழப்பிக்கொள்வது அரிது.

இங்கே கெடுவது அவசரத்தால். 30 விநாடி யோசித்துவிட்டு விடைப்பக்கத்தைத் திருப்பினால் அது மறுவாசிப்பாகிவிடும். ஒரு கணக்குக்குக் குறைந்தது 5 நிமிடம் கொடுங்கள். பல்தேர்வு வினாவில் விடைகளைக் கையால் மறைத்து, முதலில் உங்கள் விடையைச் சொல்லுங்கள். நீக்கிக் கண்டுபிடித்த விடை அறிவைச் சோதிப்பதில்லை.

நண்பருக்கு விளக்குவது ஐந்தாவது வழியாகச் சொல்லப்படும். நல்லதுதான், ஆனால் கேட்பவர் "ஏன்?" என்று குறுக்கிட வேண்டும். தலையாட்டும் நண்பரைவிட வெள்ளைத் தாள் கண்டிப்பானது.

எதை எங்கே வைப்பது

ஒரே ஒரு முறைதான் கைக்கொள்ள முடியும் என்றால் கணக்கை எடுங்கள். அட்டைக்கும் வெள்ளைத் தாளுக்கும் எங்கே வேலை இருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். தகவலே தெரியவில்லை என்றால் ஓர் அட்டை. தகவல் தெரிந்தும் கோர்க்க வரவில்லை என்றால் அந்தப் பாதைக்கு ஒரு வெள்ளைத் தாள். கோர்த்தும் எண்ணிலோ அலகிலோ வழுக்கியிருந்தால் அதே வகையில் இன்னும் மூன்று கணக்கு. இப்படிப் பிறக்கும் அட்டைகள் குறைவாகவே இருக்கும். அவை எல்லாம் தேவையானவை.

ஒரு குளுக்கோஸ் முழுமையாக ஆக்சிகரணமாகும்போது எத்தனை ஏடிபி என்ற பழைய கேள்வியில் மூன்றும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்கலாம். அட்டையில் 38 என்றும் இருக்கும், 32 என்றும் இருக்கும். எது சரி என்று அட்டை சொல்லாது. செங்குத்துக் கோடு போட்ட தாள், கிளைக்காலிசிஸின் 2 என்ஏடிஹெச் (எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறு) சைட்டோசாலில் நிற்பதையும், அந்த எலக்ட்ரான்கள் கோட்டைத் தாண்ட ஒரு ஷட்டில் (கடத்தும் வழி) வேண்டியிருப்பதையும் காட்டும். மீதியைக் கணக்கு முடிக்கும். என்ஏடிஹெச்சுக்கு 2.5 ஏடிபி, இன்னொரு எலக்ட்ரான் சுமப்பியான எஃப்ஏடிஹெச்2க்கு 1.5 ஏடிபி என்று கொண்டால் மாலேட்-ஆஸ்பார்ட்டேட் ஷட்டில் வழியே 32, கிளிசரால் பாஸ்பேட் ஷட்டில் வழியே 30. பழைய வழக்கப்படி 3, 2 என்று கொண்டால் 38, 36. உங்கள் பாடநூல் எந்த மதிப்பை எடுக்கிறதோ அதை விடையின் முதல் வரியில் எழுதிவிட்டுக் கூட்டத் தொடங்குங்கள்.