பூனை இருக்கும் வீட்டில் மூன்று வருட மராண்டா

எங்கள் வீட்டுப் பூனை பச்சையாக எதைப் பார்த்தாலும் ஒரு கடி கடித்துவிடும். ஒருநாள் மணிபிளான்ட் இலையைக் கடித்துவிட்டு, எச்சில் ஒழுக ஒழுக முகத்தைத் தேய்த்துக்கொண்டே திரிந்தது. அந்த இலையில் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்ஸலேட் வாயைக் குத்தும் என்றார் கால்நடை மருத்துவர். வீட்டில் இருந்த இன்னொரு செடியான டிஃபன்பேக்கியாவிலும் அதே ஊசிதான். இரண்டையும் பூனை இல்லாத மாடி வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, பிரேயர் பிளான்ட் என்றும் சொல்லும் மராண்டா என்ற அழகு இலைச்செடியை வாங்கினேன்.

நர்சரியில் பிரேயர் பிளான்ட் என்று கேட்டால் சில சமயம் கலாத்தியாவை எடுத்து நீட்டுவார்கள். இரண்டும் ஒரே குடும்பம். நாய், பூனைக்கு நஞ்சில்லாதவை என்று அமெரிக்காவின் விலங்கு நல அமைப்பான ஏஎஸ்பிசிஏ பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. கஞ்சி காய்ச்சும் ஆரோரூட் மாவும் ஒரு மராண்டாவின் கிழங்கிலிருந்து வருவதுதான். ஆனால் நஞ்சில்லை என்றால் தொந்தரவே இல்லை என்று அர்த்தமில்லை. ஒருமுறை பூனை இரண்டு இலையை மென்று தின்றுவிட்டு என் செருப்பின் மேலேயே வாந்தி எடுத்தது. பூச்சிமருந்தும் ரசாயன உரமும் இந்தத் தொட்டிப் பக்கமே போவதில்லை.

என்னுடையது சிவப்பு நரம்பு ரகம். சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் இலைகள் கைகூப்பியதுபோல் நிமிர்ந்துவிடும், காலையில் படுத்துக்கொள்ளும். இலையும் காம்பும் சேரும் இடத்தில் உள்ள சின்னப் புடைப்பில் நீர் ஏறி இறங்குவதால் வரும் அசைவு இது. மூன்று வருடமாகியும் எனக்கு அலுக்கவில்லை.

முதல் வருடம் மட்டும் படாத பாடு. இலை நுனியெல்லாம் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்ற, வேர் அழுகத் தொடங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, அத்தை தினமும் ஆர்ஓ கழிவு நீரை இதற்கு ஊற்றிக்கொண்டிருந்தார். “நல்ல தண்ணிதானேம்மா, ஏன் வீணாக்கணும்?” சென்னை போர் தண்ணீரே உப்பு, அதில் வடித்தெடுத்த உப்புத்தான் அந்தக் கழிவு நீர். இப்போது குடிக்கிற தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் பிடித்து வைக்கும் மழைநீர், அவ்வளவுதான். மேல்மண் காய்ந்தால் மட்டும். கருகிய நுனி திரும்பாது, புது இலை சுத்தமாக வந்தது.

மே மாதம் ஏசி காற்றில் வைத்தால் இலை சுருண்டு, அடியில் சிவப்புச் சிலந்தி என்ற சாறு உறிஞ்சும் நுண்பூச்சி வரும். குழாயடியில் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவி, வெளிச்சமுள்ள குளியலறை ஜன்னலில் வைத்துவிடுவேன். நேர் வெயில் ஆகாது, நிறம் வெளுத்துவிடும்.

தொங்கவிட்டுப் பார்த்தேன், பூனைக்கு ஊஞ்சல் கிடைத்தது. ஒடிந்த தண்டில் கணு இருந்தால் தண்ணீரில் போட்டுவிடுகிறேன், இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடுகிறது. இப்போது வீட்டில் நான்கு தொட்டி. நான் வாங்கியது ஒன்று, மற்ற மூன்றும் பூனை ஒடித்துக் கொடுத்தவை.