ஃப்ரெஞ்சுல கேள்வி கேக்க: "எஸ்க" போடுறதா, திருப்பிப் போடுறதா?

அக்கா மக ஸ்கூல்ல ஃப்ரெஞ்ச் எடுத்திருக்கா. நேத்து கோரிப்பாளையத்துல பஸ் ஏறுனதும் புக்கை நீட்டி "மாமா, கேள்வி கேக்க ரெண்டு வழி போட்ருக்கு, எதைப் படிக்க?"ன்னு கேட்டா.

மொத வழி "எஸ்க" (est-ce que)ங்கிற கேள்விச் சொல்லை முன்னாடி சேக்குறது, ரொம்ப லேசு. "து பார்ல் தமூல்"னா நீ தமிழ் பேசுற. முன்னாடி எஸ்க ஒட்டுனா நீ தமிழ் பேசுறியான்னு ஆயிரும், மத்த வார்த்தை எதுவும் நகராது, நாம கடைசில போடுற "ஆ"வை அவங்க முதல்லயே போட்டுர்றாங்க அவ்ளோதான்.

இன்னொன்னு வினையைத் தூக்கி முன்னாடி வைக்கிறது, "பார்ல்-து தமூல்?"னு. லெட்டர்ல, பரீட்சைல இது மரியாதையா இருக்கும். ஆனா "அவன்"னு சொல்ற "இல்" வந்தா சிக்கல், எழுத்துல வினை உயிரெழுத்துல முடியுறதால நடுவுல ஒரு "த்" வரணும், "பார்ல்-த்-இல்". இவ அதை விட்டுட்டா. மணி, அடிச்சது ரெண்டும் சேந்தா மணியடிச்சதுன்னு நடுவுல ய் வருதுல்ல, அந்த உடம்படுமெய் மாதிரிதான்னு சொன்னதும் டக்குனு புடிச்சுக்கிட்டா, எனக்கு அம்புட்டு சந்தோசம்.

ரெண்டையும் கலந்து "எஸ்க பார்ல்-து"ன்னு மட்டும் எழுதிராதீங்க, தப்பு.

மீனாட்சி கோயில் பக்கம் வர்ற ஃப்ரெஞ்சுக்காரங்ககிட்ட பேச எஸ்க தாராளம், தெரியாதவங்கன்னா "நீ"ங்கிற து-க்கு பதிலா "நீங்க"ங்கிற "வூ". என்னைக் கேட்டா மொதல்ல எஸ்க நாக்குல உக்காரட்டும், திருப்பிப் போடுறதை அப்புறமா எழுதி எழுதிப் பழகுங்க.