பெரிய நாயை எங்கே விடுவது: விடுதியா, வீட்டோடு தங்குபவரா?

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. "தோழி வீட்டில் விடலாமே" என்று தோன்றும். தோழி சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்தால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவருக்கெல்லாம் அங்கே அனுமதி இல்லை. மிஞ்சுவது இரண்டு வழிகள்: நாய் விடுதி, அல்லது நம் வீட்டுக்கே வந்து தங்கி நாயைப் பார்த்துக்கொள்பவர்.

செலவு: விடுதியில் நாள் கணக்கு, நாயின் எடை கூடினால் கட்டணமும் பெரும்பாலும் கூடும். வீட்டில் தங்குபவருக்கும் நாள் கணக்குதான், ஆனால் இரண்டு நாய் இருந்தால் இதுவே மலிவாக முடியலாம்.

நாயின் மனநிலை: இங்கேதான் உண்மையான வேறுபாடு. பழகிய பாயும் பழகிய நடைபாதையும் இருந்தால் வயதான நாய் ஒழுங்காகச் சாப்பிடும். விடுதியில் சில நாய்கள் முதல் சில நாள் தட்டைத் தொடாது. இளம் நாய்க்கோ சுங்கை தெங்கா பக்கத்து விடுதியில் கூட்டாளிகளோடு ஓடுவது கொண்டாட்டம்.

உடல்நலம்: விடுதியில் இருமல் தொற்று எளிதில் பரவும், தடுப்பூசி அட்டை கேட்காத இடம் எனக்குச் சரிப்படாது.

பொறுப்பு: விடுதி ஊழியர் ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் மற்றவர் பார்ப்பார். வீட்டில் தங்குபவர் ஒருவரே. ராட்வைலர் என்றால் வெளியே வாய்க்கூடு, கயிறு கட்டாயம். இழுத்துப் பிடிக்கும் பலமும் அவருக்கு வேண்டும்.

துறுதுறுப்பான நாய்க்கு விடுதி. மருந்து சாப்பிடும் கிழ நாய்க்கு, தரைவீட்டிலோ கூட்டுரிமை வீட்டிலோ ஆள் தங்குவதே என் தேர்வு. எதுவானாலும் முதலில் ஓர் இரவு விட்டுப் பாருங்கள். அவசரச் சிகிச்சைக்கு ஒப்புதல் கடிதமும் எழுதிக் கொடுங்கள்.