முடிச்சிட்ட வாள், கூலிக்கு வந்த தோழமை: ‘ஸ்வார்ட் ஆஃப் த ஸ்ட்ரேஞ்சர்’ ப்ளூரே மதிப்புரை

சாமுராய்களைப் பற்றிய அனிமேக்களில், அதாவது ஜப்பானிய அசைவோவியப் படங்களில், மானம் மிக மலிவாகப் புழங்கும் சரக்கு. தலைவனுக்காக உயிரை விடுவேன் என்று ஒருவன் முழங்குவான், தோழன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவான், செர்ரிப் பூக்கள் உதிரும், அத்தோடு நாமும் நெகிழ்ந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 2007 செப்டம்பரில் ஜப்பானியத் திரையரங்குகளில் வெளியான ‘ஸ்வார்ட் ஆஃப் த ஸ்ட்ரேஞ்சர்’ அந்த ஏற்பாட்டுக்கு உடன்படாத படம். போன்ஸ் நிறுவனம் தயாரித்த இப்படத்தின் இயக்குநர் ஆந்தோ மசாஹிரோ. அதுவரை பிறர் படங்களுக்குச் சண்டைக் காட்சிகளை வரைந்து பெயர் பெற்றிருந்த அவர் இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படம் இது. இதன் பிரெஞ்சுப் பதிப்பான ப்ளூரே வட்டை அண்மையில் மொரீஷியஸுக்கு வரவழைத்துப் பார்த்தேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, தயங்காமல் வாங்கலாம் என்பதே என் விடை. ஆனால் எதற்காக வாங்க வேண்டும் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை நடப்பது செங்கோகு காலத்தில். 1467இல் ஓனின் போர் மூண்ட பிறகு நடுவண் ஆட்சி பெயரளவுக்குச் சுருங்கி, நிலப்பிரபுக்கள் ஒருவரையொருவர் விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. சீனாவின் மிங் பேரரசிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு கூட்டம், தங்கள் பேரரசனுக்குச் சாவா மருந்து தயாரிப்பதற்காகக் கொத்தாரோ என்ற ஆதரவற்ற சிறுவனைத் தேடி அலைகிறது. அவர்கள் தரும் பொன்னை வாங்கிக்கொண்டு இடம் கொடுத்த உள்ளூர்ப் பிரபுவோ, அவர்களுடைய உண்மையான நோக்கம் என்னவென்று மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறான். தொபிமாரு என்ற தன் நாயோடு ஒரு பாழடைந்த கோயிலில் ஒளிந்திருக்கும் சிறுவன், அங்கே வந்து ஒதுங்கிய நாடோடி வாள்வீரன் ஒருவனைச் சந்திக்கிறான். அந்த வீரனுக்குப் பெயர் கிடையாது. பெயரற்றவன் என்ற பொருளில் நானாஷி என்றே அவனை அழைக்கிறார்கள். துரத்தி வந்தவர்களோடு நடக்கும் மோதலில் நாய்க்கு நஞ்சேற, அதைப் பிழைக்க வைத்துத் தன்னையும் ஒரு மடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி கேட்டு, சிறுவன் தன்னிடமிருக்கும் விலையுயர்ந்த கல் ஒன்றைக் கூலியாகக் கொடுக்க முன்வருகிறான். கதையின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

படத்தின் உயிர் இருப்பது நானாஷியின் இடுப்பில். அவனுடைய வாள் உறையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டப்பட்டு, உருவ முடியாதபடி முடிச்சிடப்பட்டிருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர் கையில் கட்டிய காப்பு, நேர்த்திக்கடன் முடியும்வரை அவிழாமல் இருப்பதைப் போல அந்த முடிச்சும் அவனோடு கூடவே இருக்கிறது. அவன் யாருக்கு நேர்ந்துகொண்டான், எதற்காக நேர்ந்துகொண்டான் என்பதைப் படம் உடனே சொல்வதில்லை. எதிரிகள் பாய்ந்து வரும்போதும் உறையோடு கூடிய வாளாலேயே தடுக்கிறான், இடிக்கிறான், கீழே தள்ளுகிறான். ஒவ்வொரு சண்டையிலும் நம் கண் எதிராளியின் வாள்முனையை விட்டுவிட்டு அந்தக் கயிற்றின் மீதே நிற்கிறது. இன்றைக்காவது அவிழ்ப்பானா என்று நம்மை ஏங்க வைத்து, அப்படி ஏங்குவதற்காகவே நம்மைக் கொஞ்சம் கூச வைக்கவும் செய்கிறார் இயக்குநர்.

பின்னர் தெரிய வருவது இது: ஒரு காலத்தில் அவன் ஒரு தலைவனின் படையில் பணியாற்றியவன். கட்டளை வந்தது; வெட்டப்பட வேண்டியவர்களோ சிறுவர்கள். கட்டளையை அவன் நிறைவேற்றினான். சாமுராய் நெறி என்று பொதுவாகப் பேசப்படும் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அவன் எந்தத் தவறும் செய்யவில்லை. உண்ட வீட்டுக்கு உழைத்தான், அவ்வளவே. செஞ்சோற்றுக் கடனுக்காகத் தம்பியரை எதிர்த்து நின்ற கர்ணனின் கதையைக் கூத்திலும் திரையிலும் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த இடம் சுளீரென்று உறைக்கும். கர்ணனுக்காக நாம் அழுகிறோம், அவன் கடனைத் தீர்த்துவிட்டான் என்று பெருமைப்படவும் செய்கிறோம். கடன் கழிந்த பிறகும் உயிரோடு இருக்க நேர்ந்து, கழித்த விதத்தை எண்ணி எண்ணித் தூக்கம் கெட்டவனின் கதையை நாம் அவ்வளவாகக் கேட்டதில்லை. நானாஷி அப்படிப்பட்டவன். தலைவனுக்குச் செய்த விசுவாசத்தில் தன் மானத்தை இழந்தவன், இன்னொரு தலைவனைத் தேடிப் போகாமல், கூலி பேசி வேலைக்கு அமர்த்திய ஒரு பொடியனிடம் அதைத் திரும்பப் பெறுகிறான்.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சுவை உண்டு. புஷிதோ என்ற பெயரில் இன்று உலகமெங்கும் விற்கப்படும் ஒழுக்க நெறி, செங்கோகு காலத்துப் போர்க்களத்தில் அப்படியே நிலவிய ஒன்றன்று. தோக்குகாவா ஆட்சியில், 17ஆம் நூற்றாண்டு தொடங்கி, போர் ஓய்ந்து சாமுராய்கள் பெரும்பாலும் எழுத்தர்களாகவும் அலுவலர்களாகவும் மாறிய பின்னரே, விசுவாசம் பற்றிய பெரிய பெரிய பேச்சுகள் எழுதி வைக்கப்பட்டன. வெளிநாட்டார் அறிந்த புஷிதோவுக்கு முக்கிய ஊற்று, 1900இல் நிதோபே இனாசோ ஆங்கிலத்தில் எழுதிய நூல். செங்கோகுவின் நடப்புக்கோ வேறொரு பெயர் இருந்தது: கெகோகுஜோ, அதாவது கீழிருப்பவன் மேலிருப்பவனைக் கவிழ்ப்பது. அதிக நிலம் கொடுப்பவன் பக்கம் தாவுவதும், சமயம் வாய்த்தால் தலைவனையே வீழ்த்திவிட்டு அவன் இருக்கையில் அமர்வதும் அன்றைக்கு அரிதல்ல. இப்படத்தில் உள்ளூர்ப் பிரபுவிடம் பணிபுரியும் இதாதோரி என்ற தளபதி அந்தக் காலத்தின் அசல் வார்ப்பு. அவன் கொடியவனாகத் திரையில் அலறுவதில்லை. சிரித்த முகம், சுறுசுறுப்பு, தன் வீரர்களிடம் கலகலப்பு என்று நம்மைக் கவர்ந்துகொண்டே, தலைவனின் உயிரையும் தன் கணக்கில் ஒரு செலவாகவே வைத்துப் பார்க்கிறான். பூசி மெழுகாமல் இப்படிக் காட்டியதற்காகவே கதாசிரியர் தகாயாமா ஃபுமிஹிகோவைப் பாராட்ட வேண்டும்.

தோழமைக்கு வருவோம். கொத்தாரோவும் நானாஷியும் ஒருவரையொருவர் முதலில் நம்புவதில்லை. சிறுவனுக்கு வாய்த்துடுக்கு அதிகம். பெரியவனுக்குச் சோம்பல் அதிகம். கூலியைப் பற்றிய பேச்சு படம் நெடுக அவர்களுக்கிடையே ஓடிக்கொண்டே இருக்கிறது, அதுதான் அழகு. அன்பை நேராகச் சொல்லத் தெரியாத இருவர், கடன், கணக்கு, பாக்கி என்ற சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வழியில் சிறுவனுக்குக் குதிரையேறக் கற்றுக்கொடுக்கிறான் நானாஷி. தன் செம்பட்டை முடியைக் கறுப்புச் சாயத்தால் மறைத்து வைத்திருக்கும் அவன், அந்த இரகசியம் சிறுவனுக்குத் தெரிந்துவிடும்போது காட்டும் கூச்சம் ஒரு கணம்தான் திரையில் நிற்கிறது, ஆனால் பத்து வசனங்களுக்குச் சமம். மடத்தில் சேர்த்தவுடன் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. கூலிக்காரனாக அவன் செய்ய வேண்டியது எதுவும் பாக்கியில்லை. அடைக்கலம் என்று நம்பிய அந்த மடத்திலேயே சிறுவன் கைமாற்றப்படும்போது, நானாஷி திரும்பி வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கட்டளையிட ஒரு தலைவன் இல்லாத, கூலி கொடுக்க ஒரு முதலாளி இல்லாத அந்த இடத்தில்தான் படம் தன் கேள்வியை வைக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் லுவோலாங்கைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. மிங் கூட்டத்தில் பொன்னிற முடியும் நீலக் கண்களுமாக ஒருவன், அவனும் அயலவனே. வலி தெரியாமல் இருப்பதற்காகக் கூட்டாளிகள் உண்ணும் மருந்தை அவன் தொடுவதில்லை. பேரரசனின் ஆயுளைப் பற்றியும் அவனுக்குக் கவலையில்லை. தனக்கு நிகரான ஒரு வாளைச் சந்திக்க வேண்டும், அவ்வளவே. நானாஷியின் திறமையை முதலில் சரியாக எடைபோட்டவன் அவன்தான், ஒரு வகையில் நானாஷியை நன்றாகப் புரிந்துகொண்டவனும் அவனே. இந்தப் பகைக்குள் ஒரு நட்பின் மணம் வீசுவதை மறுக்க முடியாது.

இறுதிச் சண்டையைப் பற்றி அனிமே ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். பனிக்கு நடுவே நடக்கும் அந்த மோதலை வரைந்ததில் நாகாமுரா யுதாகாவின் கை பெரியது. வாளோடு வாள் மோதித் தீப்பொறி பறக்க நின்று முறைத்துப் பார்க்கும் பழைய பாணி இங்கே இல்லை. உடல்களுக்கு எடை இருக்கிறது, கால் வழுக்குகிறது, மூச்சு வாங்குகிறது, எட்டிய வாளைத் தவறவிட்டவன் தோளாலும் முழங்கையாலும் சமாளிக்கிறான். நல்ல ப்ளூரே வட்டில் பார்ப்பதன் பயன் இங்கேதான் தெரியும். இணையத்தில் ஓடும் மங்கலான துண்டுகளில் இந்த நுணுக்கங்கள் குழம்பிப் போகின்றன. சாதோ நாவோகியின் முரசும் தந்தியும் கலந்த இசை, சண்டையை முந்திக்கொண்டு ஓடாமல் அதன் மூச்சோடு போகிறது. ஒலியைச் சற்றுக் கூட்டி வையுங்கள், அடுத்த வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வார் என்றால்.

குறைகள் உண்டு. சாவா மருந்துக்காகச் சிறுவனைத் தேடும் காரணம் மிகவும் மெலிந்தது. அந்தச் சடங்கு, பலிமேடை, கிழத் தலைவன் எல்லாமே வேறொரு மலிவான கதையிலிருந்து கடன் வாங்கியவை போலிருக்கின்றன. மிங் வீரர்களில் லுவோலாங்கைத் தவிர மற்றவர்கள் வெட்டுப்படுவதற்காகவே வந்தவர்கள். பெண் பாத்திரங்கள் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை. ஏறக்குறைய 100 நிமிடப் படத்தில், நடுப்பகுதியில் பிரபுவின் ஆட்களும் மிங் ஆட்களும் மாறி மாறித் திட்டம் போடும் காட்சிகள் என் பொறுமையைச் சோதித்தன. ஆனாலும் சிறுவனும் நாயும் திரைக்குத் திரும்பியவுடன் எல்லாம் சரியாகிவிடுகிறது.

இதே பொருளைத் தொட்ட பிற ஆக்கங்களோடு வைத்துப் பார்ப்பதும் பயன் தரும். ‘ருரோனி கென்ஷின்’ தொடரின் நாயகனும் இனிக் கொல்வதில்லை என்று உறுதி பூண்டவன். வெட்டும் விளிம்பு தலைகீழாக அமைந்த வாளைச் சுமப்பவன். ஆனால் அவன் தன் உறுதியைப் பற்றி நிறையப் பேசுவான். நானாஷி முடிச்சைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டவன். 2010இல் வெளிவந்த 12 பகுதிகள் கொண்ட ‘ஹவுஸ் ஆஃப் ஃபைவ் லீவ்ஸ்’, சண்டையைவிட நட்பை விரும்புபவர்களுக்கு ஏற்றது: கூச்ச சுபாவத்தால் வேலையிழந்த சாமுராய் ஒருவன், ஆட்கடத்தல் கும்பலின் தலைவனிடம் மெய்க்காவலனாகச் சேர்ந்து, அவனைத் தோழனாகவும் ஏற்றுக்கொள்ளும் மெதுவான, கசப்பும் இனிப்புமான கதை. அதைத் தாங்கும் பொறுமை எல்லோருக்கும் வாய்க்காது. இந்தத் திரைப்படத்துக்கு அப்படியொரு பொறுமை தேவையில்லை.

மாலைத் தமிழ் வகுப்பில் மேல்நிலை மாணவர்கள் சிலருடன் படத்தைப் பற்றி உரையாடியபோது, “ஐயா, சொன்னதைச் செய்தவன்மேல் பழி எப்படி வரும்? சொன்னவன் அல்லவா குற்றவாளி?” என்று ஒரு மாணவி கேட்டாள். “சொன்னவன் பெயர்கூடப் படத்தில் நிற்கவில்லையே, முடிச்சு இவன் வாளில்தானே இருக்கிறது” என்று இன்னொருவன் பதில் சொன்னான். கிரியோலும் பிரெஞ்சும் கலந்து அரை மணி நேரம் நீண்ட அந்த வாதத்தில், தமிழில் பேசுங்கள் என்று நினைவூட்ட எனக்கு மனம் வரவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். ஒரு வட்டு எந்தப் பகுதிக் கருவிகளில் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் ப்ளூரே மண்டலப் பிரிப்பில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் ஒரே ‘பி’ மண்டலத்தில் வருவதால், பிரான்ஸில் வாங்கிய வட்டு இங்குள்ள கருவிகளில் ஓடும். டிவிடி என்றால் கவனம் தேவை: பிரான்ஸ் 2ஆம் மண்டலம், நம் தீவு 5ஆம் மண்டலம். நான் வாங்கிய விற்பனையாளர் மெல்லிய உறையில் போட்டு அனுப்பியதால் பெட்டியின் மூலை உடைந்து வந்தது. வட்டுக்குச் சேதமில்லை என்றாலும், அட்டைப் பெட்டியில் அனுப்பும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஜப்பானிய ஒலியில், பிரெஞ்சு வசனவரிகளோடு பார்ப்பதையே பரிந்துரைக்கிறேன். அப்போது தோகியோ இசைக்குழுவில் இருந்த நாகாசே தொமோயா நானாஷிக்குக் கொடுத்திருக்கும் அந்த அலட்சியமான, பாதி தூக்கத்தில் பேசுவது போன்ற குரலும், லுவோலாங்குக்கு யாமாதேரா கோயிச்சி கொடுத்த குளிர்ந்த குரலும் தவறவிடக் கூடாதவை. அந்த ஒலியில் மிங் கூட்டத்தார் தங்களுக்குள் சீன மொழியிலேயே பேசிக்கொள்வதால், சிறுவனைச் சூழ்ந்திருக்கும் அந்நியம் காதிலேயே விழுகிறது. இரத்தமும் வெட்டுப்பட்ட உறுப்புகளும் தாராளமாக வருகின்றன. நாய் இருக்கிறது, சிறுவன் இருக்கிறான் என்று நம்பிச் சின்னக் குழந்தைகளை உட்கார வைத்துவிடாதீர்கள். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்.