அப்பாவின் வாட்ச் காட்டிய 118

மூன்று வார லீவில் மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரம் வந்து இறங்கி, அங்கிருந்து காரில் நாகர்கோவில். அப்பாவுக்கு 71 வயது. போன வருடம் நான் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்வாட்ச்சைக் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. மறுநாள் காலை சுசீந்திரம் தெப்பக்குளத்தைச் சுற்றி இருவரும் நடந்தோம். கோயில் திருவிழாக் கதையைச் சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று நடக்கிறார், மூச்சு வாங்கவில்லை. ஆனால் வாட்ச்சில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 118. படிக்கட்டில் உட்கார்ந்ததும் அரை நிமிடத்தில் 74. அன்று மாலை என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தபோது 134. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு 134! எனக்குக் கை நடுங்கிவிட்டது.

உடனே பக்கத்து கிளினிக்கில் இசிஜி எடுத்தோம். எந்தக் குறையும் இல்லை. அங்கிருந்த டாக்டர் நிதானமாகப் பேசினார். அப்பா சாப்பிடும் பிரஷர் மாத்திரை இதயத் துடிப்பைக் குறைக்கும் வகையாம். அதனால் சாதாரண நடைக்கு 118 வருவதே சந்தேகம் என்றார். துடிப்பு அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்று 220-இலிருந்து வயதைக் கழித்து வாட்ச் போடும் கணக்கும் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொருந்தாதாம். நெஞ்சுவலி, தலைசுற்றல் என்றால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

அப்படியானால் கோளாறு வாட்ச்சில்தான் என்று சர்வீஸ் சென்டருக்குப் போனோம். டோக்கன் வாங்கி முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு கவுண்டரில், “சென்சார் கம்ப்ளெய்ன்டா? சென்னைக்கு அனுப்பணும் சார், பதினஞ்சு நாள் ஆகும்” என்றார்கள். அவ்வளவுதான். அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை, அப்பாவின் கையில் கட்டிப் பார்க்கவுமில்லை. லீவை எண்ணி ஊருக்கு வருகிறவனுக்குப் பதினைந்து நாள் என்பது என்ன என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வருத்தத்தோடுதான் வெளியே வந்தேன்.

செட்டிகுளம் பக்கம் ஒரு சின்ன மொபைல் கடை. பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். “ஐயா, வழக்கமா எப்படி கட்டுவீங்களோ அப்படியே கட்டுங்க” என்றான். அப்பா கட்டினார். பழைய செயின் வாட்ச் மாதிரி மணிக்கட்டு எலும்பின் மேலே தொளதொளவென்று. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. பிறகு அவன் அதைக் கழற்றி, பின்பக்கத்தை என்னிடம் காட்டினான். சென்சார் கண்ணாடி முழுக்கத் தேங்காய் எண்ணெயும் பவுடரும் சேர்ந்து காய்ந்த படலம்.

அவன் விளக்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது. அடியில் மின்னும் பச்சை வெளிச்சம் தோலுக்குள் போகிறது. ரத்தம் பச்சையை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வாட்ச் எண்ணுகிறது. பட்டை தளர்ந்தால் கை வீசும்போது வாட்ச் ஆடும், வெளி வெளிச்சமும் புகும். அப்போது காலடியின் தாளத்தையே துடிப்பு என்று நினைத்துக்கொள்ளும். குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டர் அதிர்ந்தாலும் இதே கதைதான். நான் நம்பாமல் நின்றதைப் பார்த்து, அப்பாவைக் கடை முன்னால் ஒரு நிமிடம் நடக்கச் சொல்லிக் காலடியை எண்ணினான். 116! தெப்பக்குளத்தில் பார்த்த 118 அங்கேயே புரிந்துவிட்டது.

ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக் காயவைத்தான். பல மாதமாகப் போடாமல் கிடந்த அப்டேட்டைப் போட்டான். எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராமல், ஆனால் தடம் விழுந்து வலிக்காத அளவுக்குக் கட்டிவிட்டான். புது சிலிக்கான் பட்டைக்கு 250 ரூபாய் வாங்கினான். மற்ற வேலைக்குக் காசு கொடுத்தால், “இதுக்குப் போயா அண்ணே?” என்று மறுத்துவிட்டான்.

அந்த வாரமே, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்கா வீட்டுக்கு வந்தார். வாட்ச்சைச் சரிபார்க்கக் கையே போதும் என்று சொல்லிக்கொடுத்தார். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்து, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அதன் துடிப்பே குழப்பும். துடிப்பு விட்டு விட்டு வந்தால் முழு நிமிடம் எண்ணிவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். 2021-இல் தொடங்கிய திட்டம் இது. வெளியூரில் இருக்கும் என் போன்ற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி முடியாது.

திற்பரப்பு அருவியில் குளித்து வந்தபோது வாட்ச் எதுவுமே காட்டவில்லை. பதறாமல் துடைத்துவிட்டு டீ குடித்தோம். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், உடம்பு சூடானால் சரியாகும். அப்படியே ஆயிற்று.

கிளம்பும் நாள் காலையிலும் தெப்பக்குளத்தில் நடந்தோம். நடந்து நின்றதும் அப்பாவே விரல் வைத்து எண்ணினார். விரலில் 88, வாட்ச்சில் 90. “சரியா இருக்கு மக்களே, நீ நிம்மதியா போ” என்றார்.

அந்தச் சர்வீஸ் சென்டருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். துடிப்பு தப்பாகக் காட்டுகிறது என்று யார் வந்தாலும், சென்னைக்கு அனுப்பும் முன் கண்ணாடியைத் துடைத்து, அவர் கையில் கட்டி, ஒரு நிமிடம் நடக்கவிட்டுப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.