பாலத்தில் ஓடும் அண்ணாச்சியின் மளிகைக் கடை

மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்துக்குப் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, ஒற்றை ஷட்டர் கொண்ட ஒரு மளிகைக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையை உப்புக்காற்று அரித்துவிட்டது. பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரரும் கேட்டுக்கொண்டதால் அண்ணாச்சி கடை என்றே குறிப்பிடுகிறேன். ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டு மாதச் சாமான் அங்கிருந்துதான் வருகிறது. இந்தக் கடையைப் பற்றி எழுதுவதென்றால் அண்ணாச்சி ஓடுவதையும் சேர்த்தே எழுத வேண்டும், ஏனெனில் கடை நடத்தும் நிதானத்தை அவர் பாலத்தில்தான் பழகியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

ஐம்பதைத் தாண்டியவர். விடியுமுன் நான்கு மணிக்கு ஓடத் தொடங்கி, ஆறே காலுக்குக் கடையைத் திறந்துவிடுவார். 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் ஏறத்தாழ 2.34 கிலோமீட்டர் நீளம். ஒன்பது முறை போய்த் திரும்பினால் ஏறக்குறைய ஒரு மாரத்தான், அதாவது 42.195 கிலோமீட்டர், ஆகிவிடும். அதை அவர் ஒரே ஒரு முறை செய்து முடித்திருக்கிறார். வழக்கமாக இரண்டு சுற்று, ஞாயிற்றுக்கிழமை நான்கு. அவரோடு முதன்முதலில் ஓடிய ஞாயிறன்று, பாலத்தின் நடு மேட்டை எட்டுவதற்குள் அவரை முந்திவிட்டேன். மூன்றாவது சுற்றில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது, கிளம்பிய அதே வேகத்தில் என்னைக் கடந்து போனார். "தண்ணியக் குடிச்சிட்டு மெதுவா வாங்க தம்பி" என்றார். அதில் கேலி கொஞ்சம் இருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அருகிலேயே ஒரு பெரிய சுயசேவைக் கடை வந்து, திறப்பு விழாச் சலுகையாகச் சர்க்கரையைக் கொள்முதல் விலைக்கும் கீழே விற்றது. அண்ணாச்சி விலையைத் தொடவில்லை. ஷாம்பு, பிஸ்கட் வகைகளைப் பாதியாகக் குறைத்துவிட்டு, புழுங்கலரிசி, பருப்பு, கல்லுப்பு, கருப்பட்டி, குண்டு மிளகாய் ஆகியவற்றில் மட்டும் தரத்தைக் கூட்டினார். இந்தக் குண்டு மிளகாய்க்கு, ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரில் எதை எதையோ விற்கிறார்கள். இங்கே சாக்கைக் கவிழ்த்துக் காட்டி, காம்பு பிடித்து ஆட்டச் சொல்வார், உள்ளே விதை கலகலக்கும்.

கடையின் உண்மையான சோதனை மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் படகுக் கூலிகள், அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் வரும்படி நின்றுவிடும், போதாக்குறைக்குப் பள்ளி திறக்கும் செலவும் அதே ஜூனில் வந்து சேரும். அரசின் நிவாரணத் தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023இல் மண்டபத்தில் அறிவித்தார்கள் என்றாலும், ஒரு குடும்பம் இரண்டு மாதம் உண்ண அது எம்மட்டு. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் உடம்பில் சேமித்த சர்க்கரை தீர்ந்து கால் கல்லாகும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் என்ன நடக்கும் என்பது முதல் பத்துக் கிலோமீட்டரில் எப்படி ஓடினோம் என்பதைப் பொறுத்தது.

அண்ணாச்சியின் முதல் பத்துக் கிலோமீட்டர் தை மாதத்தில் தொடங்குகிறது. அவருடைய நீள நோட்டை ஒரு முறை புரட்டிக் காட்டினார். பக்கத்தின் தலைப்பில் ஆள் பெயருக்குப் பதிலாகப் படகு எண், அதன் கீழ் நீல மையில் பற்று, சிவப்பு மையில் வரவு, மூலையில் வட்டமிட்ட ஒரு தொகை. அந்த வட்டம்தான் அந்த வீட்டுக்குத் தடைக்காலத்தில் அவர் தாங்கக்கூடிய எல்லை. தையிலிருந்தே ராமநாதபுரம் மண்டிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, ஏப்ரல் பதினான்கில் பாக்கியே இல்லாமல் செய்துவிடுகிறார். அதன்பின் இரண்டு மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றும் மண்டிக் கடனில் வந்து வீடுகளுக்குக் கடனாகவே போகும். குளிர்பானமும் நொறுக்குத் தீனியும் ரொக்கத்துக்கு மட்டும். ஜூனில் படகு இறங்கியதும் முதல் மீன்பாட்டிலேயே கழுத்தைப் பிடிக்காமல், ஒவ்வொரு மீன்பாட்டுக்கும் இவ்வளவு என்று ஆவணி வரை வாங்கிக்கொள்கிறார்.

இதன் அருமை எனக்குத் தெரிவதற்கு வீட்டிலேயே காரணம் உண்டு. என் சித்தப்பா தேவிபட்டினத்தில் கடை வைத்திருந்தார். ஒரு தை அமாவாசைக் கூட்டத்தை நம்பி வட்டிக்கு வாங்கிச் சரக்கை நிரப்பினார். கூட்டம் வந்தது, நவபாஷாணக் கோயில் கடலில் முழுகியது, பேருந்து ஏறிப் போய்விட்டது. இரண்டு ஆண்டுக்குள் கடையைப் பூட்டினார். கிளம்பும் கோட்டில் கூட்டத்தோடு சேர்ந்து பாய்கிறவனுக்கு நேர்வதுதான் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019இல் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியபோது, 41 பேர் முறை வைத்து முன்னால் ஓடிக் காற்றை மறைத்தார்கள். அண்ணாச்சிக்கு அந்த வேலையைச் செய்வது அதே தெருவின் வேறு இரண்டு சிறு கடைகள். மூவரும் சேர்ந்து ஒரு டாட்டா ஏஸ் வண்டி பிடித்து வாரத்துக்கு ஒரு முறை சரக்கெடுக்கிறார்கள். ஒருவரிடம் உளுந்து தீர்ந்தால் மற்றவரிடமிருந்து படி அளந்து வாங்கிக்கொள்கிறார்கள். போட்டியாளர் என்ற சொல்லை அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

குறைகளும் உண்டு. பகல் ஒன்று முதல் நான்கு வரை கடை அடைப்பு. ஓய்வும் பயிற்சிதான் என்று அவர் சொல்வதை ஓட்டக்காரனாக ஏற்கிறேன், திடீர் விருந்தாளிக்குச் சர்க்கரை இல்லாத வீட்டுக்காரனாக ஏற்க முடியவில்லை. உளுந்து பெரிய கடையைவிடக் கிலோவுக்கு நான்கைந்து ரூபாய் கூடுதல். ஒரு முறை மல்லியில் கல் கிடந்தது, மறுபேச்சின்றி மாற்றிக்கொடுத்தார். சிறுதானியம் கேட்டு இரண்டு ஆண்டுகளாக நச்சரிக்கிறோம், இன்னும் யோசிக்கிறார். நிதானம் சில வேளை தயக்கமாக மாறிவிடுகிறது, அதை அவருடைய ஓட்டத்தின் பெயரால் மன்னிக்க நான் தயாரில்லை. ஓட்டக்காரனுக்கு 42ஆவது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கோடு காத்திருக்கிறது, கடைக்காரனுக்கு அப்படி எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள்களில் காலையில் படகுச் சாமான் கட்டும் நெருக்கடி இருக்கும், ஆகவே மறுநாள் போவது நல்லது. ஜிபே உண்டு, சிக்னல்தான் சில நேரம் இராது. சாயல்குடிப் பக்கத்துப் புதுக் கருப்பட்டி வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கவும். பழையதாக இருந்தால் அவரே "இது வேண்டாம், அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிவிடுவார்.